வீட்டிலிருந்து வந்த டப்பா

போன மாதம் எங்கள் லேபில் புது இயந்திரம் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. லேப் இருப்பது தி. நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், இரண்டாவது மாடி. லிஃப்ட் இன்னும் பழைய லிஃப்ட்தான். இயந்திரம் நன்றாக இருந்தது. ஒரு சொட்டை வைத்தால் விந்தணுக்களைத் தானே எண்ணுகிறது. எத்தனை ஓடுகின்றன, எத்தனை சும்மா நிற்கின்றன என்று பிரித்துச் சொல்லி, கையோடு அச்சடித்தும் கொடுத்துவிடுகிறது. அதே வேலையை நான் முப்பத்தொரு வருடம் கண்ணால் செய்தேன். ஒரு மாதிரிக்கு இருபது நிமிடம் ஆகும். கழுத்து வலி தனி.

"எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டாள் சுகன்யா. என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்.

"உனக்குக் கழுத்து வலிக்காது" என்றேன்.

அச்சடித்த தாளில் 'மாதிரி எடுக்கப்பட்ட இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'ஆய்வகம்' என்று போட்டிருந்தது. இதை யார் நிரப்பியது என்று கேட்டேன். "யாரும் நிரப்ப வேணாம் மேடம். காலியா விட்டா அதுவே அப்படிப் போட்டுக்கும். நமக்கு ஒரு வேலை மிச்சம்" என்றாள். தாளை மேஜையில் வைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

லேபின் ஆண்டு மலருக்கு வேடிக்கையான அனுபவம் ஏதாவது எழுதித் தரும்படி அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள். அன்றுவரை தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகு எழுத உட்கார்ந்துவிட்டேன். வேடிக்கை ஆங்காங்கே இருக்கும். சிகிச்சைக்கு வந்தவர்களின் பெயர்களை மாற்றிவிட்டேன்.

நான் சாந்தோம்காரி. பிளஸ் டூ, லேப் டெக்னீஷியன் டிப்ளமா, பிறகு இரண்டு வருடம் ரத்தம், சிறுநீர், சளி. அதன் பிறகு இங்கே சேர்ந்தேன். எதைப் பார்க்கும் வேலை என்று இன்டர்வியூவில் யாரும் சொல்லவில்லை. முதல் நாள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் ரத்தப் பரிசோதனை என்று சொன்னேன். கல்யாணமானதும் மாமியாரிடமும் அதையே சொன்னேன். பாவம், அவர் சாகும்வரை தன் சர்க்கரை அளவைப் பற்றி என்னிடம்தான் சந்தேகம் கேட்டார். ஆனால் எங்கள் சர்ச் பங்கில் எப்படியோ செய்தி பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யாராவது ஒரு அம்மா பக்கத்தில் வந்து நிற்பார். மெழுகுவர்த்தி ஸ்டாண்டைப் பார்த்தபடியே, "ரெஜினா, எனக்குத் தெரிஞ்சவங்க பையன் ஒருத்தன்" என்று ஆரம்பிப்பார். தெரிந்தவர்களின் பையனுடைய வயது, வேலை, கல்யாணமான வருடம் எல்லாம் அந்த அம்மாவின் சொந்தப் பையனுடையதாகவே இருக்கும். நான் கண்டுகொள்ள மாட்டேன்.

லேபை நடத்தியவர் டாக்டர் பத்மாசனி. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் வீடு. ஒல்லியான உருவம், பருத்திப் புடவை, மூக்கில் ஒற்றை வைரம். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எங்களையும் சிரிக்க விட்டதில்லை. மாதிரி எடுக்கும் அறையை நாங்கள் 'அறை' என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு பெண் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்தாள். டாக்டர் அவளை அழைத்து, "நோக்கு இங்க வேல செட்டாகாதும்மா" என்று சொல்லிவிட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அறையிலிருந்து டப்பாவோடு வெளியே வரும் ஒவ்வொருவரிடமும் அவர் மூன்று கேள்வி கேட்பார். விந்து வெளியேறாமல் எத்தனை நாள் இடைவெளி? எத்தனை மணிக்கு எடுத்தது? எல்லாம் டப்பாவுக்குள் விழுந்ததா? முதல் இரண்டுக்கும் பதில் வந்துவிடும். மூன்றாவதில்தான் ஆண்கள் கூரையைப் பார்ப்பார்கள். பாதி வெளியே போயிருந்தாலும் "முழுசா விழுந்துச்சு" என்பார்கள். அப்படிப் போனால் பெரும்பாலும் போவது முதல் சொட்டுகள்தான், விந்தணுக்கள் நிறைய இருப்பதும் அவற்றில்தான். வெட்கப்பட்டு அதை மறைத்த எத்தனையோ பேர் குறைவான எண்ணிக்கையை வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் லேகியம் சாப்பிட்டிருக்கிறார்கள். டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்கும் தொனி, ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்கிவிட்டதா என்று விசாரிப்பது போல இருக்கும். அந்தத் தொனிக்கு ஒரு போலீஸ் அதிகாரியே உண்மையைச் சொன்னார்.

மாதிரியில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தால் அதைச் சொல்ல டாக்டர் சட்டென்று விடமாட்டார். "பூஜ்யம்னு வாயால சொல்றதுக்கு முன்னாடி சுத்திப் பாரு ரெஜினா" என்பார். மீதி மாதிரியைக் குழாயில் ஊற்றி, இயந்திரத்தில் வேகமாகச் சுற்றவிட்டு, அடியில் தங்குவதை எடுத்துக் கண்ணாடித் துண்டு முழுக்கத் தேட வேண்டும். ஒன்று கிடைத்தாலும் அது பூஜ்யம் இல்லை. ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் ஒரு குடும்பமே நிற்கிறது என்பது அவர் கணக்கு.

எல்லோராலும் அறையில் எடுத்துக் கொடுக்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் வீட்டிலிருந்து கொண்டு வரலாம். ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும், சூடும் கூடாது, குளிரும் கூடாது, சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இதை அச்சடித்தே கொடுத்திருந்தோம். ஒருவர் வஞ்சிரம் மீனுக்குச் செய்வது போல டப்பாவைச் சுற்றி ஐஸ் போட்டு எடுத்து வந்தார். இன்னொருவர் வேளச்சேரியிலிருந்து ரயிலில் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டே வந்தாராம். கம்பியைப் பிடிக்கவும் முடியாமல், கையைத் தூக்கவும் முடியாமல் நின்றவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்ததாகச் சொன்னார். அவருடைய மாதிரி முதல்தரமாக இருந்தது.

வீட்டிலிருந்து வரும் டப்பாவுக்கென்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருந்தோம். 'வீட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. மீண்டும் ஆய்வகத்தில் சோதிக்கவும்.' ஊதா மசி. ரிப்போர்ட்டின் வலது மூலையில் குத்த வேண்டும். "நம்ம கண்ணு முன்னாடி வராத ஒண்ண, யாரோடதுன்னு நாம எப்படிச் சொல்றது? டப்பாவுல பேர் எழுதிண்டு வரதுக்கு யாரால முடியாது?" என்பார் டாக்டர். ஸ்டாம்பு என் மேஜை டிராயரில் இருந்தது. என் பொறுப்பு.

சேகர் வந்தது ஒரு மார்கழியில். ரங்கநாதன் தெருப் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் தள மேற்பார்வையாளர். முப்பது வயது இருக்கும். அறைக்குள் போனவர் ஒரு மணி நேரம் கழித்துக் காலி டப்பாவோடு வந்தார். சட்டை முழுக்க வேர்வை. "முடியல மேடம். வெளியே ஆள் நடக்கிற சத்தம் கேட்டுகினே கீது" என்றார். அடுத்த வாரமும் அதேதான். மூன்றாம் முறை அவரே கேட்டு, வீட்டிலிருந்து கொண்டு வந்தார். பார்த்தேன். கூட்டம் கூட்டமாக ஓடின. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ரிப்போர்ட்டை எழுதிவிட்டு டிராயரைத் திறந்தபோது அவர் மேஜையருகே வந்து நின்றார். "மேடம், அந்த ஸ்டாம்பு வேணாமே. அத்தப் பாத்தா பெரிய ஆஸ்பத்திரில ஒத்துக்க மாட்டாங்க. மறுபடியும் அந்த ரூமுக்குப் போவச் சொல்லுவாங்க. என்னால முடியாது மேடம்" என்றார். கண் கலங்கியிருந்தது. டாக்டர் சபாவில் மாலைக் கச்சேரி என்று நாலு மணிக்கே கிளம்பிவிட்டிருந்தார். சேகர் பார்ப்பதற்கு என் தம்பி மாதிரி இருந்தார். எத்தனையோ ஆண்களின் வெட்கத்தைப் பார்த்தவள் நான், இதுவும் வெட்கம்தான் என்று முடிவு கட்டினேன். டிராயரை மூடினேன். ஸ்டாம்பு குத்தாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஒரு நல்ல காரியம் செய்த நினைப்பில்தான் போனேன். அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. எங்கள் மாடியிலேயே சிகிச்சைப் பிரிவும் தொடங்கியிருந்தார்கள். கணவனின் விந்தணுக்களைக் கழுவிச் சுத்தம் செய்து, ஊசிக்குழாய் மூலம் மனைவியின் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை. கழுவும் வேலை என்னுடையது. ஒரு நாள் காலையில் அதற்காகச் சேகரும் அவர் மனைவியும் வந்தார்கள். எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்தது, அதனால் என்னைப் பார்க்கவில்லை.

மனைவி பெயர் கலைச்செல்வி. திருவான்மியூரில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருந்தாள். ஒரு பெரிய துணிப்பையிலிருந்து ஃபைலை எடுத்து என் மேஜையில் வைத்தாள். இரண்டு வருடத்து வைத்தியம் அதில் இருந்தது. கருக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே, வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துப் பார்த்த அறிக்கை, ஊசிகள், ஸ்கேன்கள். எல்லாவற்றுக்கும் மேலே பளபளவென்று லேமினேட் செய்த ஒரு தாள். என் கையெழுத்து.

"என் மாமியார் லேமினேட் பண்ணி வச்சிருக்காங்க சிஸ்டர். அவங்க பீரோல இருக்கும். யாரு வந்தாலும் எடுத்துக் காட்டுவாங்க. என் பையன் மேல ஒரு குறையும் இல்லன்னு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், பஸ் நம்பரைச் சொல்வது போல.

தாளின் வலது மூலையைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. அப்போது எனக்குச் சேகரை அடையாளம் தெரிந்தது.

இந்தச் சிகிச்சைக்கு மாதிரியை எங்கள் அறையில்தான் எடுக்க வேண்டும், விலக்கு கிடையாது. சேகர் உள்ளே போனார். பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். டப்பாவின் அடியில் அரை மில்லிகூட இல்லை. டாக்டர் கேட்டார், "எல்லாம் உள்ள விழுந்துதா?" சேகர் கூரையைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்து, "விழுந்துச்சு மேடம்" என்றார். அது உண்மை என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் இல்லை. சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருந்த கொஞ்சத்தில் ஒரு துளியை லிட்மஸ் தாளில் தொட்டேன். அமிலப் பக்கம் காட்டியது. சாதாரணமாக அப்படிக் காட்டாது. கடைசியாகச் சர்க்கரைச் சோதனை. விந்துப் பையிலிருந்து வரும் சர்க்கரை இருந்தால், மருந்தோடு சேர்த்துக் காய்ச்சும்போது ஆரஞ்சு நிறம் வரும். காய்ச்சினேன். தண்ணீர் நிறத்திலேயே இருந்தது. இன்னும் இரண்டு நிமிடம் காய்ச்சினேன். அப்படியேதான் இருந்தது. அளவு குறைந்ததையும் சேர்த்து இந்த நாலு விஷயமும் ஒன்றாக வந்தால் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான். விந்தணுக்களை வெளியே கொண்டு வரும் குழாய் அந்த மனிதனுக்குப் பிறவியிலேயே இல்லை. இடையில் வந்த கோளாறு அல்ல. இரண்டு வருடத்துக்கு முன்னால் என் கண்ணாடித் துண்டில் கூட்டம் கூட்டமாக ஓடியவை அவருடையவை அல்ல.

டாக்டர் லேமினேட் தாளை எடுத்து வரச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஸ்டாம்ப் எங்க ரெஜினா?"

"குத்தல மேடம். அவர் கெஞ்சினார். பாவமா இருந்துச்சு."

அவர் என் டிராயரைத் திறந்து ஸ்டாம்பை எடுத்தார். மசியில் ஒற்றி ஒரு வெள்ளைத் தாளில் குத்தினார். எழுத்துகள் தெளிவாக விழுந்தன. "நன்னாத்தானே இருக்கு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

சேகரை உள்ளே கூப்பிட்டோம். பக்கத்து அறையில் கலைச்செல்வி பச்சை கவுன் போட்டுக்கொண்டு, சிறுநீரை அடக்கியபடி படுத்திருந்தாள். இந்தச் சிகிச்சைக்கு அப்படித்தான் தயாராக இருக்கச் சொல்வார்கள். டாக்டர் சேகரிடம் முடிவைச் சொன்னார்.

"தெரியும் மேடம்" என்றார் சேகர். "மொதல்லயே வேளச்சேரில ஒரு லேபுல பாத்தேன். ஒண்ணுமே இல்லன்னு குடுத்தாங்க. கிழிச்சுப் போட்டுட்டேன். இங்க ரெண்டு வாட்டி சும்மாதான் உள்ள குந்திகினு இருந்தேன்."

"அப்போ அந்த டப்பா?" என்று நான் கேட்டேன்.

"எங்க கடைல வேல செய்ற ஃப்ரெண்டு. அவனுக்கு ரெண்டு பசங்க. டெஸ்ட்டுக்குத்தானேன்னு வாங்கினு வந்தேன் மேடம்."

இன்றைக்கும் அப்படிச் செய்ய நினைத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். அவர் உடனே தலையாட்டி மறுத்தார். "அவன் வரேன்னான். நான்தான் வேணான்னுட்டேன். டெஸ்ட்டுன்னா வெறும் பேப்பரு. இது அவ வயித்துக்குள்ள போறது. அத்த எப்படி மேடம் பண்றது? ரெண்டு வருசமா ஒரு நாட்டு வைத்தியர் கிட்ட மருந்து சாப்புட்டுகினு கீறேன். ஒண்ணாவது இருக்கும்னு நெனச்சேன்." பிறகு அழுதார். "இல்லன்னு மட்டும் எழுதாதீங்க. கெட்டுப்போச்சுன்னு எழுதுங்க. இன்னொரு மாசம் பாத்துக்கலாம்."

இன்னொரு மாதம் என்றால் அவளுக்கு இன்னொரு மாதத்து ஊசிகள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கறதத்தான் எழுதுவோம். உங்க ஆத்துக்காரிக்கு நாங்களா சொல்லமாட்டோம், அது உங்க ரிப்போர்ட். ஆனா ஊசிக்குழாய்ல போடறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. அவ அங்க படுத்துண்டு இருக்கா. நீங்கதான் போகணும்" என்றார்.

சேகர் எழுந்தார், கதவு வரை போனார், நின்றுவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேடம், நீங்க ஆரம்பிச்சு வைங்க. உங்களுது ஒண்ணு கீதே, அந்த ஸ்டாம்பு, அத்த. மிச்சத்த நான் சொல்லிடறேன்." டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கலைச்செல்வி அவசரமாகப் பாத்ரூம் போய்விட்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்தாள். ஏதோ சரியில்லை என்று புரிந்துகொண்டிருந்தாள். நான் லேமினேட் தாளைக் காட்டி, "இந்த டப்பா இங்க எடுத்தது இல்லம்மா. வீட்டுலேர்ந்து வந்தது. அப்படின்னா ஸ்டாம்பு குத்தணும். நான் குத்தல. தப்பு என்னோடது" என்றேன். சேகர் மீதியைச் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே, ஆனால் எதையும் விடாமல் சொன்னார், நண்பனின் பெயர் உட்பட.

அவள் கத்தவில்லை. அவரையும் பார்க்கவில்லை. கவுனைக் கொஞ்சம் ஒதுக்கித் தன் வயிற்றை என்னிடம் காட்டினாள். தொப்புளுக்குக் கீழே மூன்று சின்னத் தழும்புகள். "மூணு ஓட்டை, மூணு தையல். நானே இதவிட நல்லாத் தைப்பேன். இது எதுக்கு சிஸ்டர் போட்டாங்க?" என்று கேட்டாள்.

மன்னித்துக்கொள் என்றேன். அந்த வார்த்தை அந்த அறையில் எதற்கும் போதவில்லை. அதன் பிறகு நான் ரொம்ப நாள் சரியாகத் தூங்கவில்லை.

"அந்த ஸ்டாம்பு இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

கொண்டு வந்தேன். லேமினேட் தாளின் மூலையில் வைத்து அழுத்தினேன். பிளாஸ்டிக்கில் மசி ஒட்டவில்லை, வழிந்தது. அவள் தாளை என் கையிலிருந்து வாங்கினாள். துணிப்பையைத் துழாவிச் சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை எடுத்தாள். ஓரத்தை ஒரே சீராக வெட்டி, சரியாக ஒட்டாமல் இருந்த பிளாஸ்டிக்கைப் பிரித்து, தாளை மெல்ல உரித்து எடுத்தாள். ஒரு எழுத்துகூடக் கிழியவில்லை. நான் குத்தினேன். 'வீட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது.' பக்கத்தில் அன்றைய தேதியைப் போடச் சொன்னாள். போட்டுக் கையெழுத்தும் இட்டேன்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சுகன்யா போன் செய்து கேட்பாள். குழாய்தான் இல்லையே தவிர, விரையில் உற்பத்தி நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஊசி போட்டு எடுத்து, வெளியே கருவாக்கலாம் என்று டாக்டர் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். கலைச்செல்வி ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்: "ஊசி அவருக்கா போடுவீங்க?" ஆமாம் என்றார் டாக்டர். "அப்ப சரி" என்றாள். முதல் முயற்சியில் கரு தங்கவில்லை. அடுத்த முயற்சிக்கு அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். குழந்தை பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. ஓய்வு பெறும்வரை வீட்டிலிருந்து வந்த எந்த டப்பாவின் ரிப்போர்ட்டிலும் நான் ஸ்டாம்பு குத்தாமல் விட்டதில்லை. நாலு பேர் அழுதார்கள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். சுகன்யா, அந்தக் கட்டத்தை இயந்திரத்தின் கையில் விடாதே. கேட்டு நிரப்பு.

ஸ்டாம்பு குத்திய அன்று கிளம்பும்போது கலைச்செல்வி திரும்பவும் என் மேஜைக்கு வந்தாள். புடவைக்கு மாறியிருந்தாள். சேகர் லிஃப்ட் பக்கத்தில் தள்ளி நின்றார். "இங்க பக்கத்துல லேமினேட் பண்ற கடை இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

கீழே இறங்கி இடது பக்கம் மூன்றாவது கடை என்றேன். எதற்கு என்றும் கேட்டுவிட்டேன்.

"மாமியார் பீரோலேர்ந்து எடுத்தது. எடுத்த எடத்துலயே வைக்கணும்ல" என்றாள்.

மசி காயப் பத்து நிமிடம் ஆகும், அதற்குள் பிளாஸ்டிக்குக்குள் வைத்தால் எழுத்து கலைந்துவிடும் என்றேன். சரி என்று எனக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தாளை மடியில் விரித்து வைத்து, முழுப் பத்து நிமிடமும் அதன் மேல் ஊதிக்கொண்டிருந்தாள்.